ஒட்டாதீர்கள், பொருத்துங்கள்

பழைய கார்களைப் பேணுகிறவர்களிடையே இரண்டு பிழையான கொள்கைகள் வேரூன்றிவிட்டன. வண்டியோடு பிறந்த முன்கண்ணாடியையும் அதைப் பிடித்திருக்கும் ரப்பரையும் எந்நாளும் மாற்றலாகாது என்பது முதலாவது. ஒழுகினால் சிலிக்கான் ட்யூப் ஒன்றைப் பிதுக்கி அடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்பது இரண்டாவது. முதலாவதைப் பக்தி என்றும் இரண்டாவதைச் சாமர்த்தியம் என்றும் அவரவர் சொல்லிக்கொள்கிறார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே சோம்பலில் பிறந்தவையாகவே தெரிகின்றன. இவ்விரண்டையும் மறுக்கவே இதை எழுதுகிறோம்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் கார்க் கண்ணாடிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு முதலில் ஒரு சொல். சங்கப் புலவன் தேரைப் பாடியபோது 'தேர்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடவில்லை. அதன் ஆரத்தை ஆர் என்றான். வட்டையை நேமி என்றான். ஊர்பவர் கைப்பற்றும் தாமரை மொட்டு வடிவான உறுப்பைக் கொடிஞ்சி என்றான். தச்சன் அறிந்த பெயர்களைப் புலவனும் அறிந்திருந்தான். நம் காலத்து உரைநடையோ 'ஒரு அம்பாசடர் வந்து நின்றது' என்று எழுதி முடித்துக்கொள்கிறது. அந்த அம்பாசடரின் கண்ணாடி எதனால் விழாமல் நிற்கிறது என்று கேட்டால் எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. பொருளின் உள்ளமைப்பை அறியாதவர்கள் அதன் பழமையைப் பற்றி மட்டும் கண்கலங்கி எழுதுவதை நாங்கள் இலக்கியமாக எண்ணுவதில்லை.

அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய வண்டி அது. 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. என்ஜின் மாறியது, முகப்புக் கம்பிகள் மாறின, விளக்குகள் மாறின; உடற்கூடு பெரும்பாலும் அப்படியே இருந்தது. 2017இல் அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவுக்குக் கைமாறியது. பெயருக்கு அவ்வளவு விலை கிடைத்தது. அந்தப் பெயரைச் சுமந்த வண்டிகளின் கண்ணாடி விளிம்பில் துருவேறிக்கொண்டிருப்பதை எவர் கணக்கில் எடுத்தார்கள்?

கண்ணாடி நிற்கும் விதம் எளியது. உடற்கூட்டில் கண்ணாடிக்கென விடப்பட்ட திறப்பைச் சுற்றிலும் குறுகிய தகர விளிம்பு ஒன்று உண்டு. ரப்பர்ப் பட்டையின் குறுக்குவெட்டில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஒன்று கண்ணாடியின் ஓரத்தைக் கவ்வுகிறது. மற்றது தகர விளிம்பைக் கவ்வுகிறது. கண்ணாடி தகரத்தை எங்கும் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே ரப்பர் நின்று, வண்டி குலுங்கும்போதும் வெயிலில் தகரம் விரியும்போதும் அந்த அசைவைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. பட்டறைகளில் இதைப் பீடிங் என்கிறார்கள். அம்பாசடர் மட்டுமன்று, மாரிஸ் மைனரும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ரப்பரின் பிடியில் நிற்கும் கண்ணாடிகளை உடையவையே.

இந்த அமைப்பின் சிறப்பு என்ன? இதைக் கழற்றலாம். கழற்றி, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் பொருத்தலாம். ரப்பர் அழியும் பொருள் என்பதை இதை வடிவமைத்தவர்கள் அறிந்தே இருந்தார்கள். அது கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழியை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. பழைய வண்டியின் உண்மைத்தன்மை அந்தக் குறிப்பிட்ட ரப்பர்த் துண்டில் இல்லை; கண்ணாடியும் தகரமும் கூடும் முறையில் இருக்கிறது. ஆகவே புதிய கண்ணாடியைப் புதிய ரப்பரில் முறைப்படி பொருத்துகிறவன் பழமையைக் காக்கிறான். பழைய கண்ணாடியைப் பசையால் ஒட்டுகிறவன் அதை அழிக்கிறான்.

முதலில் பக்தர்களைப் பார்ப்போம். கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் பழைய முத்திரையைக் காட்டி மகிழ்கிறவர்கள் இவர்கள். கண்காட்சியில் அந்த முத்திரைக்கு மதிப்பெண் உண்டு என்பதால் மழையில் ஒழுகும் வண்டியையும் தொடவிடமாட்டார்கள். ஆனால் ரப்பருக்கு முத்திரை தெரியாது. வெயிலின் புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் இயற்கை ரப்பரைப் பிளக்கின்றன. அதன் நெகிழ்வு போய், சுருங்கி, கல்லாகிறது. மூலைகளில் முதலில் விரிசல் தெரியும். பிறகு விளிம்புக்கும் ரப்பருக்கும் இடையே மயிரிழை அளவு சந்து விழும். மழைநீருக்கு அந்தச் சந்தே போதும். உள்ளே போன நீர் உடனே வெளிவருவதில்லை. கீழ்மூலைகளில் தங்கி, பெயின்டுக்கு அடியில் தகரத்தைத் தின்னத் தொடங்குகிறது. அங்கிருந்து பக்கத்தூணின் வழியாக இறங்கித் தரைத்தகடுவரை போகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் ஒயர்களின் மேலும் சொட்டுகிறது. சில நூறு ரூபாய்ப் பொருளான ரப்பரைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள், திரும்பச் செய்யவே முடியாத உடற்கூட்டைப் பலிகொடுக்கிறார்கள்.

கண்ணாடியின் கதையும் இதுவே. முன்காலத்து வண்டிகள் பலவற்றில் இருந்தது பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி. கல் பட்டால் முழுவதும் ஒரே கணத்தில் சிறு சிறு துணுக்குகளாகப் பொரிந்துவிடும். ஓட்டுகிறவருக்கு எதிரே பாதை மறைந்துவிடும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடி அப்படிப் பொரிவதில்லை; விரிசல் விட்டாலும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இதற்கான காப்புரிமையைப் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்தூஸ் 1909இலேயே பெற்றுவிட்டார். இந்தியாவிலோ மத்திய மோட்டார் வாகன விதிகளின் 1993 திருத்தத்துக்கு மூன்றாண்டுகள் கழித்துத் தயாரான வண்டிகளுக்கே முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அதற்கு முந்திய வண்டியைச் சட்டம் வற்புறுத்தவில்லை என்பது உண்மை. சட்டம் வற்புறுத்தாத இடத்தில் அறிவு வற்புறுத்தக்கூடாதா? குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டுகிற 1970ஆம் ஆண்டு வண்டியில் அடுக்குக் கண்ணாடி போடுவதைத் 'தூய்மை கெட்டது' என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தூய்மையின் விலை பிறருடைய கண்கள்.

பழைய அடுக்குக் கண்ணாடியும் நிலைத்திருப்பதில்லை. ஓரத்தில் ஈரம் புகுந்தால் நடுப்படலம் பால்போல வெளுக்கும். அந்த வெண்மை நாளடைவில் உள்நோக்கி ஊரும். முன்கண்ணாடியின் ஒளிகடத்தும் திறன் 70 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்கிறது விதி. வைப்பர் கோடு விழுந்து, ஓரம் வெளுத்து, இரவில் எதிர்விளக்கு பட்டதும் பனிமூட்டமாகிற கண்ணாடியை வைத்துக்கொண்டு பழமை பேசுவது, படிக்க முடியாத நூலை வணங்குவதைப் போன்றது.

நூல் என்றதும் ஓலைச்சுவடி நினைவுக்கு வருகிறது. அதுவும் இந்த வாதத்தோடு நேரே சேர்வதுதான். ஓலைக்கு ஆயுள் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்; ஆகவே படியெடுத்தார்கள். படியெடுத்த வீடுகளில் நூல் பிழைத்தது. மூல ஏடு புனிதமானது, தொடக்கூடாது என்று பரணில் வைத்துப் பூசித்த வீடுகளில் கரையான் பிழைத்தது. ரப்பரும் கண்ணாடியும் வண்டியின் ஓலைகள். அவற்றைப் புதுப்பிப்பது நூலைக் காப்பது.

இந்த உவமை அடுத்த கூட்டத்தாருக்கும் பொருந்தும். உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோது, சிதைந்த அடிகளின் இடத்தைப் புள்ளியிட்டு வெறுமையாகவே விட்டார். கிடைக்காத 267, 268ஆம் பாட்டுகளின் எண்கள் இன்றும் பாட்டின்றி நிற்கின்றன. அவருக்கு நாலு அடி எழுதிச் சேர்க்கத் தெரியாதா? சேர்த்திருந்தால் பின்வந்தவர்களுக்கு எது மூலம், எது ஒட்டு என்று பிரித்தறியும் வழி அடைபட்டிருக்கும். இடைச்செருகல்காரர்கள் செய்தது அதைத்தான். சிலிக்கான் ட்யூபும் அதைத்தான் செய்கிறது.

பசைக்காரர்கள் சொல்வது எல்லாரும் கேட்டதுதான்: 'புது கார்களில் எல்லாம் ஒட்டித்தானே வருகிறது?' ஆம், ஒட்டித்தான் வருகிறது. ஆனால் அங்கே ஒட்டுவது பாலியுரேத்தேன். ஒட்டப்படுவது அதற்கென்றே அகலமாக வார்த்த விளிம்பு. அந்த வண்டிகளில் கண்ணாடி உடற்கூட்டின் உறுதியில் பங்கேற்கிறது. பயணியின் முன்னிருக்கும் காற்றுப்பை விரியும்போது அதற்கு முட்டுக்கொடுக்கிறது. முதல் கோட்டிலிருந்தே அப்படி வரையப்பட்ட வண்டி அது. ரப்பர் கவ்வுவதற்காக விடப்பட்ட குறுகிய தகர விளிம்பில் அந்த முறையைத் திணிப்பது எவ்விதத்திலும் பொருந்தாது.

அதுவும் இங்கே பெரும்பாலும் திணிக்கப்படுவது பாலியுரேத்தேன்கூட அன்று. குளியலறைக் குழாய்க்கு வாங்கிய மலிவான சிலிக்கான். பிதுக்கியதும் புளிக்காடி வாடை வருகிறதே, அது அசெட்டிக் அமிலம். இறுகும்போது அந்த வகைச் சிலிக்கான் வெளிவிடுவது. ஏற்கெனவே பெயின்ட் போன தகரத்தின்மேல் அமிலம் வெளிவிடும் பொருளைப் பூசி, நீர் வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டு, வண்டியைக் காப்பாற்றிவிட்டேன் என்கிறார்கள். அடுக்குக் கண்ணாடியின் நடுப்படலத்துக்கும் அது ஆகாது. பிறகு எப்போதாவது பெயின்ட் அடிக்கப்போனால், துடைத்தும் போகாத சிலிக்கான் எச்சத்தின்மேல் பெயின்ட் ஒட்டாமல் சிறு சிறு வட்டமாக விலகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுகலை அது நிறுத்துவதில்லை, இடம் மாற்றுகிறது. மேல்மூலையில் புகுந்த நீர், வெளியே வர வழியின்றி உள்ளேயே ஓடி வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்தில் இன்னொரு ட்யூப். இப்படி நான்கு மழைக்காலம் போனால் விளிம்பே இருக்காது.

சரியான முறை ரகசியமானதும் அன்று, செலவு மிகுந்ததும் அன்று. பழைய கண்ணாடி வேண்டுமென்றால் அதைத் தள்ளி எடுக்கக்கூடாது. ரப்பரின் வெளிஉதட்டைக் கத்தியால் அறுத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி எடுக்கவேண்டும். போகப்போகிறது ரப்பர்தானே. பிறகு விளிம்பைச் சுற்றிலும் சுரண்டித் துருவை முழுவதும் எடுக்கவேண்டும். அரித்துப்போன இடத்தில் புதுத் தகரம் வைத்து வெல்டு செய்யவேண்டும். பட்டி பூசி மறைப்பது பசை வேலைக்கு அண்ணன். பிரைமரும் பெயின்டும் அடித்து, நன்றாகக் காயவிடவேண்டும். கண்ணாடியை ரப்பரின்றித் திறப்பின்மேல் வைத்துச் சுற்றிலும் இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். டிங்கரிங்கில் விளிம்பு கோணியிருந்தால், என்றாவது ஒரு நாள் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடும்.

பொருளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பீட்டிலில் 1965ஆம் ஆண்டு மாடலோடு கண்ணாடிகள் பெரிதாயின. முந்திய ஆண்டின் கண்ணாடி அதில் உட்காராது. ஒற்றைக் கண்ணாடி இருந்த இடத்தில் அடுக்குக் கண்ணாடி வைக்கும்போது தடிமன் வேறுபடலாம். ரப்பரின் பள்ளம் அதற்கு ஏற்றதாக இல்லாவிட்டால் எவ்வளவு திறமையாகப் பொருத்தினாலும் ஒழுகும். வெயிலையும் ஓசோனையும் தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் கிடைத்தால் அதை வாங்குவதே நல்லது. மூலைகள் வார்த்து வந்த பட்டை, நீளமாக வெட்டி வளைத்த பட்டையைவிடச் சரியாக அமரும். வெட்டித்தான் சேர்க்கவேண்டும் என்றால் அளவைவிடச் சற்றே நீளமாக வெட்டவேண்டும். ரப்பர் சுருங்கும், இணைப்பு வாய்பிளக்கும்.

இனிப் பொருத்துதல். ரப்பரைக் கண்ணாடிக்கு மாட்டி, வெளிப்பள்ளத்தில் மெல்லிய உறுதியான கயிறு ஒன்றைச் சுற்றிலும் செலுத்தி, இரு முனைகளையும் கீழ்நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடத்தி வண்டிக்குள் தொங்கவிடுவார்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர். கிரீசோ என்ஜின் ஆயிலோ ஆகாது; அவை பட்டு ரப்பர் ஊதிக் கெடும். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்துகிறார். மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுக்கிறார். கயிறு வெளிவரும்போது ரப்பரின் உதடு எழும்பித் தகர விளிம்பைத் தாண்டி உள்ளே விழுகிறது. கீழே தொடங்கி, பக்கங்கள் ஏறி, மேலே முடிகிறது. கடைசியாக, இறுகாத வகைச் சீலண்டை ரப்பரின் உதட்டுக்குள் மெல்லிய கோடாகச் செலுத்தலாம். பசைக்கு இங்கே இடமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இறுகிப் பிணைக்கிற பசைக்கு இடமில்லை. நாளை கழற்றும்போது வழிவிடுகிற சீலண்டுக்கு இடம் உண்டு. சோதிப்பதற்குக் குழாய் நீரை மெதுவாகக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சவேண்டும். அப்போதுதான் நீர் புகும் இடம் எதுவென்று தெரியும்.

'நல்ல ரப்பர் எங்கே கிடைக்கிறது?' என்ற கேள்வி நியாயமானது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பழைய கண்ணாடி அகப்படலாம். பழைய ரப்பர் அகப்பட்டு என்ன பயன்? வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கட்டிய தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. அதன் உதிரிபாகங்களைத் தேடுகிறவர்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் இதிலிருந்து பெறவேண்டிய முடிவு 'ஆகவே ஒட்டு' என்பதா? ரப்பரின் குறுக்குவெட்டை அளந்து வரைந்தால் அதைப் பிழிந்து கொடுக்கும் பட்டறைகள் நம் நாட்டில் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் செலவு பகிர்ந்துபோகும். ஊர்வலத்துக்குக் கூடுகிறவர்கள் ரப்பருக்காகக் கூடக்கூடாதா? சக்கரமூடிக்குக் குரோம் பூசப் பணம் இருக்கிறது, மழைநீரைத் தடுக்கும் பட்டைக்கு இல்லை என்பதை வறுமைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மற்றொன்றையும் சொல்லியாகவேண்டும். கயிறு இழுக்கிற அந்த மனிதரின் கைப்பக்குவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எவ்வளவு அழுத்தினால் கண்ணாடி தாங்கும், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ரப்பரைத் தட்டிவிடவேண்டும் என்பதெல்லாம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்தவை. பெயின்ட் அடித்தவருக்குப் பாராட்டு, உரிமையாளருக்குக் கோப்பை. இவருக்கு அரை நாள் கூலி. ட்யூப் பெருகப்பெருக அந்தக் கூலிக்கும் தேவை குறைகிறது. பிதுக்குவதற்கு யாரும் பழகவேண்டியதில்லை அல்லவா. வண்டிகள் சில துருவில் போவது ஒரு நட்டம். அவற்றைத் திரும்பவும் சரியாகப் பூட்டத் தெரிந்தவர்கள் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய நட்டம். அதை எந்தப் புதுப்பேட்டையிலும் வாங்க முடியாது.

பழைய வண்டிகளுக்கு இன்று சட்டத்தின் கவனமும் வந்திருக்கிறது. 2021 ஜூலையில் வெளியான மத்திய விதிகளின்படி, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத சொந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். கவனியுங்கள்: அவ்வரிசையில் இருப்பது உடற்கூடு; முன்கண்ணாடி ரப்பர் அன்று. ரப்பரைக் காக்கப்போய் உடற்கூட்டை இழந்தவர்கள் எதைப் பதிவார்கள்? பழைய வாகன ஆர்வலர்களின் உலகக் கூட்டமைப்பு, கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை அடியொற்றி டூரின் சாசனம் என்ற ஒன்றை வகுத்திருக்கிறது. செய்த மாற்றத்தைப் பதிவுசெய் என்பதை அதுவும் வற்புறுத்துகிறது. ஐயர் இட்ட புள்ளிகளின் அறமும் அதுதான்.

எனவே நாங்கள் கேட்பது மிகை அன்று. கெட்ட ரப்பரை மாற்றுங்கள்; மங்கிய கண்ணாடியை மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் பொருளையும் ஒரு நோட்டில் எழுதி, வண்டியின் காகிதங்களோடு வையுங்கள். கழற்றிய பழைய கண்ணாடியில் முத்திரை இருக்கிறது என்றால் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். மழையில் அதற்கு வேலை கொடுக்காதீர்கள். கயிறு இழுக்கத் தெரிந்தவரைத் தேடிப் போய், அவருக்குரிய கூலியைக் கொடுத்து, பக்கத்தில் ஓர் இளைஞனை நிற்கவையுங்கள். ட்யூபைக் குளியலறையில் வையுங்கள்.

நமக்குப் பின்னால் அந்த வண்டியைக் கழற்றப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வழி விட்டுப் பூட்டுவதுதான் பேணுதல்.